தீபாவளிக்குக் கெடா போகிறவர்கள் இப்போதே செய்ய வேண்டியவை

2010-இல் தீபாவளி நவம்பர் 5-இல் வந்தது. அதே வாரத்தில் கெடாவும் பெர்லிசும் வெள்ளத்தில் கிடந்தன. அலோர் ஸ்டாருக்கு வடக்கே வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையின் ஒரு பகுதியை மூட வேண்டியதாயிற்று. விமான நிலையத்தின் ஓடுபாதையிலும் தண்ணீர் ஏறியது. ஏறக்குறைய 50,000 பேர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். பலகாரம் சுட வேண்டிய வாரத்தைப் பல குடும்பங்கள் நிவாரண மையங்களில் கழித்தன.

இவ்வாண்டு தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. தீபகற்பத்தின் வடமேற்கு மூலையில் ஆண்டின் பெருமழை அக்டோபரிலும் நவம்பரிலும்தான் கொட்டும். கிழக்குக் கரைக்காரர்கள் டிசம்பரை நினைத்துப் பயப்படுவார்கள். கெடாவுக்குப் போகிறவர்கள் தீபாவளியை நினைத்தே ஆயத்தமாக வேண்டும்.

முதலில் நாளைத் தீர்மானியுங்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு அங்கே வேலை நாள். கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் பண்டிகை ஞாயிற்றுக்கிழமையில் விழுவதால் திங்கட்கிழமை மாற்று விடுமுறை கிடைக்கும். கெடாவில் அது கிடையாது. எனவே தெற்கிலிருந்து கிளம்பும் கூட்டம் 6-ஆம் தேதி வெள்ளி மாலையிலும், திரும்பும் கூட்டம் 9-ஆம் தேதி திங்களன்றும் நெடுஞ்சாலையை நிறைக்கும் என்று எதிர்பார்க்கலாம். விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் வியாழன் காலையிலேயே புறப்பட்டுவிடுவது நல்லது. ஊரில் வங்கி, அரசாங்க அலுவலகம் என்று ஏதாவது வேலை இருந்தால் அதை வியாழனுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். வெள்ளியும் சனியும் கதவு திறக்காது.

காலை என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. பருவமாற்றக் காலத்தில் இடி மழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் அடிக்கும். கோலாலம்பூரிலிருந்து சுங்கை பட்டாணிக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். விடியற்காலையில் கிளம்பினால் மேகம் கறுக்கும் முன்பே டோலைத் தாண்டி இறங்கிவிடலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பும் குடும்பம் மழைக்குள்ளேயே இருட்டையும் சந்திக்கும்.

வடக்கில் வெள்ளம் தலைக்கு மேலிருந்து மட்டும் வருவதில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். குனோங் ஜெராய் 1,217 மீட்டர் உயரம். கடலோரச் சமவெளியில் தனியாக எழுந்து நிற்கிறது. அதன் உச்சியில் கொட்டும் மழை, அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆற்றில் இறங்கி வரக்கூடும். 2021 ஆகஸ்ட் 18-இல் யான் வட்டாரத்தில் அப்படி இறங்கிய நீர், மரங்களையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு வந்தது, உயிர்கள் போயின. அடுத்த ஆண்டு ஜூலை 4-இல் பாலிங்கைச் சேர்ந்த கூப்பாங்கில், குனோங் இனாஸ் மலைப்பக்கமிருந்து வந்த சேற்று வெள்ளம் மூவரின் உயிரைக் குடித்தது. ஆகஸ்டும் ஜூலையும் பெருமழை மாதங்கள் அல்ல என்பதை எண்ணிப் பாருங்கள். மண் ஊறிக் கிடக்கும் நவம்பரில் ஆபத்து கூடுதலே.

ஆகவே தீபாவளிக்கு மறுநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அருவிக்கும் ஆற்றுக்கும் போகும் வழக்கத்தை இந்த ஒரு பருவத்துக்கு விட்டுவிடுங்கள். எப்படியும் போய்விட்டீர்கள் என்றால் தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். தெளிந்த நீர் சட்டென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலேயிருந்து இரைச்சல் கேட்டாலோ பாய், அடுப்பு, சட்டி எதையும் தேடாமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

இனி தோட்டத்து வழி. பீடோங், குருண், கூலிம், பாடாங் செராய் பக்கம் பால்மரம் நின்ற இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. லயத்தில் பிறந்தவர்கள் பலர் பக்கத்துப் பட்டணத்துத் தாமான்களில் குடியேறிவிட்டார்கள். ஆனாலும் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போகாமல் அவர்களுக்குப் பண்டிகை நிறைவதில்லை. பழைய லயங்களில் இன்னும் இருக்கும் பெரியவர்களையும் பார்க்க வேண்டும். பெரிய சாலையிலிருந்து அங்கே போகும் செம்மண் பாதை இரண்டு மழைக்கே சேறாகிவிடும். குலை ஏற்றிய லாரிகள் பதித்த பள்ளம் தண்ணீருக்கு அடியில் தெரியாது. கைப்பேசி வரைபடம் அந்தப் பாதையையும் நல்ல சாலையாகவே காட்டும். அதை நம்பித் திரும்பாதீர்கள், தோட்டத்தில் இருக்கும் அத்தைக்கோ மாமாவுக்கோ ஒரு போன் போட்டு, “பாலத்துல தண்ணி ஏறியிருக்கா?” என்று கேட்டுவிட்டுத் திரும்புங்கள். வாயிற்கதவை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

சாலையில் தண்ணீர் ஓடினால் நிறுத்துங்கள். ஓடும் நீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சிறிய காரை மிதக்கவிடும். 60 இருந்தால் பெரிய வண்டியையும் இழுத்துப் போகும். முன்னால் போன நான்கு சக்கர வண்டி கடந்துவிட்டது என்பதற்காக மைவியைப் பின்னால் விடக்கூடாது. வெள்ளத்தில் நடந்தாக வேண்டுமென்றால் காலில் பூட்ஸ் போடுங்கள். எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணீரில்தான் பரவும். வெட்டுக்காயம் உள்ளவர்கள் இறங்கவே வேண்டாம்.

மழை விட்ட ஒரு காலைப் பொழுதை மெர்போக்குக்குக் கொடுங்கள். சுங்கை பட்டாணியிலிருந்து நெடுந்தூரம் இல்லை. ஜெராய் அடிவாரத்தில் சண்டி புக்கிட் பத்து பகாட் கோயிலின் கற்தளமும் அதை ஒட்டி பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகமும் இருக்கின்றன. 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்த கடாரம் இந்த மண்தான். அருகே சுங்கை பத்துவில் பழங்காலத்தில் இரும்பு உருக்கிய உலைகளை மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள். இதே பள்ளத்தாக்கில் பதினோராம் எண் கொண்ட சண்டியை, அதாவது பழங்கோயிலை, 2013-இல் நில மேம்பாட்டாளர்கள் இடித்துவிட்டார்கள் என்ற செய்தி நாடு முழுவதும் அதிர்ச்சியை உண்டாக்கியது. எஞ்சியவற்றைப் பிள்ளைகள் நேரில் பார்ப்பது அவசியம். அங்கே ஓடும் ஓடைக்குள் மட்டும் இறங்க விடாதீர்கள்.

சிலர் கெடாவோடு நிற்காமல் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையைக் கடந்து ஹாட் யாய் வரை போவார்கள். அவர்கள் 2025 நவம்பரை மறக்கக்கூடாது. அம்மாதம் 21-ஆம் தேதி ஹாட் யாயில் ஒரே நாளில் 335 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நகரமே மூழ்க, ஆயிரக்கணக்கான மலேசியப் பயணிகள் தங்கும் விடுதிகளில் சிக்கிக்கொண்டார்கள். நவம்பரில் அங்கே அறை பதிவு செய்வதாக இருந்தால், பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பாருங்கள். இந்தப் பருவத்தில் ஹாட் யாயைத் தள்ளிப்போட்டு, வெயில் வரும் பிப்ரவரியில் போவதே புத்திசாலித்தனம். போயே தீர வேண்டுமென்றால், தாய்லாந்து 2025 மே 1 முதல் கேட்கும் இணைய வருகை அட்டையைப் போய்ச்சேரும் நாளுக்கு முந்திய மூன்று நாட்களுக்குள் நிரப்புங்கள். அது இலவசம்; காசு கேட்கும் தளம் போலி. காருக்குத் தாய்லாந்து காப்புறுதி வேண்டும். கார் கடனில் இருந்தால் வங்கியின் அனுமதிக் கடிதத்தை இப்போதே கேட்டு வாங்குங்கள். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால்.

காருக்குச் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. டயர் பூவின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் சட்டப்படியே ஓட்டக்கூடாது. அந்த அளவு வரும் முன்பே மாற்றுங்கள். வைப்பர் ரப்பர், முன்விளக்கு, பிரேக் மூன்றையும் இந்த வாரமே பட்டறையில் காட்டிவிடுங்கள். தீபாவளி நெருங்கினால் பட்டறைக்காரருக்கும் கை ஒழியாது. மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் கூட வந்தால், திரும்பும் நாளுக்கு மேல் மூன்று நாளுக்கான மருந்தைக் கையில் வைத்திருங்கள். 2010-ஐப் போல் சாலை மூடினால் அது உதவும்.

புறப்படுவதற்கு முந்திய இரவு மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையைப் பாருங்கள். தொடர் மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிலைகள் உண்டு. நீங்கள் போகும் மாவட்டத்துக்கு ஆரஞ்சோ சிவப்போ வந்திருந்தால் பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். ஊரில் இருப்பவர்களும் அதற்காகக் கோபித்துக்கொள்ள வேண்டாம். வழியில் மின்னல் எஃப்எம் வானொலியைக் கேட்டுக்கொண்டே போகலாம். நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் பிளஸ் உதவி எண் 1800-88-0000. உயிராபத்து என்றால் 999. இரண்டையும் ஓட்டுநரின் கைப்பேசியில் மட்டும் வைக்காமல், காரில் வரும் எல்லோருடைய கைப்பேசியிலும் இன்றே பதிந்துவிடுங்கள்.