தைலமரமும் தைலப் புட்டியும்

உத்திரமேரூர் வட்டாரத்தில் மானாவாரி நிலத்தில் தைலமரம் வைத்துள்ள விவசாயப் பெருமக்களில் சிலர், வீட்டிலுள்ள நீலகிரித் தைலம் இதே மரத்தின் இலையிலிருந்துதான் வருகிறது என்று எண்ணுகின்றனர். இரண்டும் யூகலிப்டஸ்தான், ஆனால் வகை வேறு. சமவெளியில் நாம் வளர்ப்பது காகிதக் கூழுக்கும் கழிக்கும் ஏற்ற வகை. தைலத்திற்குப் பெயர் பெற்றது நீலகிரியில் வளரும் யூகலிப்டஸ் குளோபுலஸ். மலைவாசிகள் இதைக் கற்பூர மரம் என்பர். ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் 1843-ல் கேப்டன் காட்டன் என்பவரால் நீலகிரியில் நடப்பட்டது. விறகுத் தட்டுப்பாட்டைப் போக்கவே பின்னர் பெருமளவில் வளர்க்கப்பட்டது. தைலம் உபரி வருமானமாக வந்ததேயாகும்.

இலையைக் கலத்திலிட்டு நீருடன் கொதிக்க வைத்து, எழும் ஆவியைக் குளிர வைத்தால் தைலம் நீரின் மேல் மிதக்கும். 100 கிலோ பச்சை இலைக்கு ஏறத்தாழ 1 கிலோ தைலமே கிடைக்கும். அதாவது, ஒரு தேக்கரண்டித் தைலத்தில் சுமார் அரைக் கிலோ இலையின் சத்து அடங்கியுள்ளது. இதில் பெரும்பங்கு சினியோல் என்னும் பொருள். மூக்கடைப்பு, தசைவலி ஆகியவற்றுக்கு இதமளிப்பது இதுவே. உள்ளே சென்றால் நஞ்சாவதும் இதுவே.

எனவே தைலத்தைச் சர்க்கரையிலோ வெந்நீரிலோ கலந்து குடிக்கும் கைமருந்தை அறவே விட்டுவிட வேண்டும். குழந்தைகளுக்குச் சில மில்லி லிட்டரே ஆபத்தாகலாம். வயிற்று எரிச்சல், மயக்கம், மூச்சுத்திணறல், வலிப்பு ஆகியவை அரை மணி நேரத்திற்குள்ளேயே தோன்றக்கூடும். பழைய இருமல் மருந்துப் புட்டியில் தைலத்தை ஊற்றி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இருட்டில் எந்தப் புட்டி எது என்று யாருக்குத் தெரியும்? தைலத்தை அதன் சொந்தக் கண்ணாடிப் புட்டியிலேயே, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், அடுப்புக்குத் தள்ளி வைக்கவும். இது எளிதில் தீப்பற்றும்.

கைக்குழந்தையின் மூக்கிலும் முகத்திலும் தடவக் கூடாது. பெரியவர்களும் தேங்காய் எண்ணெயில் சில துளிகள் கலந்தே தேய்த்துக்கொள்வது நல்லது. வலிப்பு நோய் உள்ளவர்கள் தேய்ப்பதையும் முகர்வதையும்கூடத் தவிர்க்க வேண்டும். இவற்றால் வலிப்பு தூண்டப்பட்டதைத் தென்னிந்திய நரம்பியல் மருத்துவர்கள் அண்மைக் காலத்தில் பதிவு செய்துள்ளனர்.

குழந்தை தைலத்தைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தைலம் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். 108-ஐ அழைத்து உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும். புட்டியையும் எடுத்துச் செல்லவும். எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்பதை மருத்துவர் அதைப் பார்த்து மதிப்பிடுவார்.