கடற்பாசியும் தேக ஆரோக்கியமும்

அலை ஒதுக்கிய பாசியை மிதித்துக்கொண்டு போகிறவர்கள் பலர். அதை ஆகாரமென்று எண்ணுகிறவர்கள் சிலரே. இராமநாதபுரம் ஜில்லாக் கடற்கரையில் விளையும் சிவப்புப் பாசி ஒன்றைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் உண்டு. கஞ்சிப்பாசி என்னும் அதன் பெயரே இதற்குச் சாட்சி. இப்பாசியால் விளையும் நன்மை யாது, எவ்வளவு உண்ணலாம், யார் உண்ணலாகாது என்னும் மூன்று விஷயங்களையும் சங்க அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

பாசியின் இயல்பு

கடற்பாசி செடியைப் போலத் தோன்றினும் அதற்கு வேர் கிடையாது. பாறையைப் பற்றிக்கொள்ள அடியில் ஒரு பிடிப்பு மட்டுமே உண்டு. தனக்கு வேண்டிய சத்தை அது தன் உடல் முழுவதாலும் கடல் நீரிலிருந்தே உறிஞ்சுகிறது. அதன் குணமும் குற்றமும் இதிலிருந்தே பிறக்கின்றன. நல்ல நீரில் வளர்ந்த பாசியில் தாதுப்பொருள்கள் நிறைந்திருக்கும். சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்கும் நீரில் வளர்ந்த பாசியிலோ நச்சு உலோகங்களும் சேர்ந்துவிடும்.

பாசிகள் பச்சை, பழுப்பு, சிவப்பு என மூவகைப்படும். கட்டக்கோரை பழுப்பு வகை. கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் சிவப்பு வகை.

அதிலுள்ள சத்துக்கள்

பச்சைப் பாசியில் பெரும்பகுதி தண்ணீரே. உலர்ந்த பாசியில் நார்ச்சத்து மிகுதி. சுண்ணாம்பு, இரும்பு, மக்னீசியம், பொட்டாசியம் ஆகியனவும் உள்ளன. சிவப்புப் பாசிகள் பலவற்றில் உலர்ந்த எடையில் 100க்கு 10 முதல் 30 பங்கு வரை புரதம் உண்டு. ஆயினும் இவ்வெண்களைக் கண்டு மயங்கலாகாது. ஒரு வேளைக்கு 5 கிராம் உலர்ந்த பாசி உண்பவருக்குக் கிடைக்கும் புரதம் ஒன்றரைக் கிராமுக்கு மேற்படாது. 30 கிராம் பயறோ 7 கிராம் தருகிறது. ஆகையால் பாசி துணை ஆகாரமேயன்றிப் பருப்புக்கும் மீனுக்கும் பதிலாகாது.

பாசியின் தனிச் சிறப்பு அயோடின். 1811ஆம் ஆண்டில் பிரெஞ்சு ரசாயன நிபுணர் பெர்னார் குர்த்வா இப்பொருளை முதன்முதலாகக் கண்டது கடற்பாசிச் சாம்பலிலேயே. வயதுவந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறே ஒரு மைக்ரோகிராம். கர்ப்பிணிகளுக்கு 250 வேண்டும். இச்சிறு அளவு குறைந்தால் கழுத்தில் கழலை காண்பதோடு, கருவிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சியும் குன்றும். இது பற்றியே இந்திய அரசாங்கம் 1962இல் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, அயோடின் கலந்த உப்பைப் பரப்பியது.

மிகுதியால் வரும் தீங்கு

குறைவு தீங்கு எனில் மிகுதியும் தீங்கே. ஜப்பானில் ஹொக்கைடோக் கடற்கரையில் கொம்பு என்னும் பழுப்புப் பாசியை ஏராளமாக உண்டு வந்தவர்களிடையே கழலை காணப்பட்டதை 1965இல் மருத்துவர்கள் எழுதி வெளியிட்டனர். அப்பாசி ஒரு கிராமிலேயே ஒருவருக்குப் பல நாட்களுக்கு வேண்டிய அயோடின் இருக்கக்கூடும். ஆதலின் தைராயிட் நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேளாமல் பாசியை வழக்கமாக உண்ணலாகாது. பாசியை நம்பி அயோடின் உப்பை நிறுத்துவதும் தவறு. எந்தப் பாசியில் எவ்வளவு அயோடின் உண்டென்று கண்ணால் பார்த்து அறிய இயலாது.

கடையில் விற்கும் கடல்பாசி

நோன்புக் காலத்தில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி உறையவைக்கும் கடல்பாசி, பாசியே அன்று. சிவப்புப் பாசியை வேகவைத்து எடுத்த அகர் என்னும் பசைப்பொருள். இது பெரும்பாலும் நார்ச்சத்தே. மலச்சிக்கலுக்கு உதவும்; ஆனால் பாசியிலுள்ள மற்றச் சத்துக்களை இதில் எதிர்பார்க்கலாகாது. 10 கிராம் அகரை ஒரு லிட்டர் நீரில் முற்றும் கரையும்வரை கொதிக்கவிட வேண்டும். உலர்ந்தபடியே விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ ஊறி அடைத்துக்கொள்ளும். குழந்தைகளுக்கு இது பேராபத்து.

சேகரிப்போர் கவனிக்க வேண்டியவை

கஞ்சிக்கு எடுக்கும் பாசியை நல்ல தண்ணீரில் பல முறை அலசி, மணலும் சிப்பியும் உப்பும் நீக்கி, வெயிலில் உலர்த்துக. பின்னர் ஊறவைத்து, குழைய வேகவைத்து, துணியில் வடிகட்டிக் கருப்பட்டி சேர்ப்பது எளிய முறை. துறைமுகத்தையும் சாக்கடை வாயையும் ஒட்டிய பாசியைத் தொடவே வேண்டாம்.

பாசியைப் பிடிப்போடு பிடுங்காமல் மேற்பகுதியை மட்டும் எடுத்தால் அது மீண்டும் தழைக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986 முதல் தேசியப் பூங்காவாதலின், அங்கே எடுப்பது சட்ட விரோதம். இக்கரையில் பாசி எடுப்போரில் பெரும்பாலோர் பெண்கள். மணலில் உலர்த்திக் கலந்து விற்ற பாசிக்கு வியாபாரி வைத்ததே விலை. பாயில் உலர்த்தி, இனம் பிரித்து, சங்கத்தின் மூலம் ஒருசேர நிறுத்து விற்பார்களாயின் கூலி அவர்கள் கையிலேயே தங்கும்.

சங்கக் கூட்டத்தில் ஆராய்வதற்கு

1. பாசியைப் பருப்புக்குப் பதிலாகக் கொள்ளலாகாது என்பது ஏன்?
2. அயோடின் உப்பைப் பாசிக்காக நிறுத்தலாமா?
3. நம் கரையில் எவ்விடத்துப் பாசி உண்ணத் தகாதது?