பன்னிரண்டு இலக்கம் எங்கே அடங்கும்?



நாம் தாளில் எவ்வளவு பெரிய எண்ணையும் எழுதலாம். கணினியோ ஒவ்வோர் எண்ணையும் ஓர் அளவான பெட்டிக்குள்தான் வைக்கிறது. பெட்டி சிறிதானால் என்ன நடக்கும் என்பதற்கு நமது தேசிய அடையாள அட்டையே நல்ல உதாரணம்.

பழைய அட்டைகளில் 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. 2016 முதல் 12 இலக்கங்கள் வந்தன. முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டில் அது எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்நாளுடன் 500 கூட்டப்படும். ஆகவே 2008 ஜனவரி முதலாம் திகதி பிறந்த பெண்ணின் எண் 2008501 எனத் தொடங்கும்.

32 பிட் நிறைவெண்ணில் அடங்கும் மிகப் பெரிய எண் 2147483647. பழைய ஒன்பது இலக்கங்களில் மிகப் பெரியது 999999999; அது தாராளமாக அடங்கிவிடும். 200850100000 அடங்காது. அதை அப்பெட்டியில் திணித்தால், பெரும்பாலான கணினிகளில் -1013362912 என்ற பொருளற்ற எண்ணே மிஞ்சும். பிழைச்செய்தி எதுவும் வராமலும் போகலாம்.

என் ராத்தா ஒரு பயிற்சி நெறிக்குப் பதியச் சென்றபோது, “உங்கட நம்பரை சிஸ்டம் எடுக்குதில்ல” என்று திருப்பி அனுப்பினார்கள். உள்ளே இருந்த கோளாறு எதுவென்று எமக்குத் தெரியாது. ஆனால் மாளிகாவத்தையிலிருந்து இரண்டு பஸ் ஏறிப் போன ஒருத்தியின் ஒரு நாள் வீணானது.

“அப்படியானால் பெரிய பெட்டியைக் கேட்டால் போதுமே” எனலாம். சிக்கல் அங்கேதான். சி மொழியில் ‘இன்ட்’ என்பதற்கு நிலையான அளவு இல்லை. குறைந்தது 16 பிட் என்று மட்டுமே விதி. நாம் எழுதுவதை இயந்திர மொழிக்கு மாற்றும் கொம்பைலர்தான் அளவைத் தீர்மானிக்கிறது. பழைய ஆர்டுவினோ ஊனோ பலகையில் ‘இன்ட்’ 16 பிட். அதில் 32767 வரைதான் செல்லலாம். மேசைக் கணினியில் அது 32 பிட். ‘லோங்’ என்பது 64 பிட் லினக்ஸில் 64 பிட். 64 பிட் விண்டோஸிலோ 32 பிட்தான். ஒரே நிரல் ஓரிடத்தில் சரியாகவும் மற்றோரிடத்தில் தவறாகவும் ஓடுவது இதனால்தான்.

இதற்கு வழிகள் உண்டு. முதலாவது, எல்லைகளை நாமே ஊகித்து எழுதாமல் ‘லிமிட்ஸ்.எச்’ கோப்பைச் சேர்ப்பது. அந்தந்தக் கொம்பைலரின் உண்மையான எல்லை ‘இன்ட்_மக்ஸ்’, ‘லோங்_மக்ஸ்’ என்ற பெயர்களில் அதில் உள்ளது. எல்லை போதாவிட்டால் நிரல் உருவாகும்போதே நிறுத்திவிடலாம். இரண்டாவது, 1999ஆம் ஆண்டின் சி நியமம் தந்த ‘இன்ட்64_டி’ போன்ற வகைகளைப் பயன்படுத்துவது. பெயரிலேயே அளவு இருப்பதால் கொம்பைலர் மாறினாலும் அது மாறாது.

உயர்தரத்தில் நாம் கற்கும் பைதனில் நிறைவெண் தேவைக்கேற்ப வளர்வதால் இந்தச் சிக்கல் கண்ணில் படாது. ஆனால் தரவுத்தளத்தில் சேமிக்கும்போது அங்கும் பெட்டியின் அளவைப் பார்க்கத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அடையாள எண்ணை நாம் கூட்டுவதுமில்லை, பெருக்குவதுமில்லை. தொலைபேசி எண்ணை நிறைவெண்ணாக வைத்தால் முன்னால் உள்ள பூச்சியம் காணாமற்போகும். இத்தகையவற்றை எழுத்துச்சரமாகச் சேமிப்பதே முறை.

நாளை உங்களில் ஒருவர் ஒரு பதிவு முறைமையை எழுதக்கூடும். அன்று ஒரு மாறியின் வகையைத் தெரிவு செய்யுமுன், அதில் வரக்கூடிய மிகப் பெரிய பெறுமதி எது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வரிசையில் நிற்கும் யாரோ ஒருவரின் ஒரு நாள் அதனால் மிச்சமாகும்.