இலுக்குப் புல் மண்டிய நிலத்தைத் தீவனச் செய்கைக்குப் பண்படுத்தல்

உலர் வலயத்தில் பல்லாண்டு பயிரிடப்படாத மேட்டு நிலங்களில் இலுக்குப் புல் மண்டிவிடுகின்றது. முதிர்ந்த இலுக்கைக் கால்நடைகள் விரும்பி உண்பதில்லை. ஆகவே, கமக்காரர் பலர் அதற்குத் தீயிடுகின்றனர். தீயில் எரிவன இலைகளே. மண்ணினுள் ஓடும் வேர்த்தண்டுகள் அழிவதில்லை. ஏனைய செடிகள் கருகிப்போக, இலுக்கோ முன்னிலும் செழித்துத் தளிர்க்கும். தீயிடல் இலுக்கை ஒழிக்கும் வழியன்று. அதனைப் பெருக்கும் வழியேயாகும்.

பண்படுத்தும் முறை

1. ஆனி, ஆடி மாதங்களில் பற்றைகளை வேருடன் அகற்றி, புல்லை அடியோடு வெட்டுதல் வேண்டும்.

2. நிலத்தை 6 முதல் 8 அங்குல ஆழத்திற்குப் புரட்டி, வேர்த்தண்டுகளை வெயிலிற் காயவிடுதல் வேண்டும். ஈர மண்ணில் உழுதால், அறுபட்ட துண்டுகள் மீண்டும் முளைத்துப் புதர்களாகும்.

3. இரண்டு மூன்று கிழமைகளின் பின் குறுக்கே உழுது, எஞ்சிய வேர்த்தண்டுகளைப் பொறுக்கி அகற்றுக. சரிவான நிலமாயின், சரிவிற்குக் குறுக்காக மட்டுமே உழுதல் வேண்டும். இன்றேல் மாரி மழை மேல்மண்ணைக் கழுவிச் செல்லும்.

4. ஐப்பசி மழை தொடங்கியதும் கௌபியை நெருக்கமாக விதைக்குக. இலுக்கு நிழலைத் தாங்காது. கௌபி படர்ந்து நிலத்தை மூடுவதால் எஞ்சிய முளைகள் நலிவடையும். காய்களை ஆய்ந்தபின் கொடிகள் மாடுகட்கு உணவாகும்; வேர்கள் மண்ணிற்கு நைதரசனை அளிக்கும்.

5. இவ்வாறு தூய்மையாகிய நிலத்திலேயே கினிப்புல்லை நடுதல் வேண்டும்.

முதலாண்டில் ஆங்காங்கே தலைகாட்டும் இலுக்கை உடனுக்குடன் தோண்டி எடுத்தல் இன்றியமையாதது. அதனைப் பொருட்படுத்தாது விடுவோர், செலவிட்ட கூலி முழுவதையும் இழப்பர். மேலும் அறிய விரும்புவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.