கினிப்பன்றியின் தீவனம்

எலிக்கு இடும் தீவனத்தையே கினிப்பன்றிக்கும் இடலாமா? கூடாது. எலி தன் ஈரலிலேயே வைட்டமின் ஸியை ஆக்கிக்கொள்ளும். கினிப்பன்றிக்கு, நம்மைப் போலவே, அத்திறன் இல்லை. தானியம் மட்டுமே தின்ற கினிப்பன்றிகளுக்கு ஸ்கர்வி நோய் வருவதை நார்வே நாட்டு ஹோல்ஸ்டும் ஃப்ரோலிக்கும் 1907-ல் வெளியிட்டனர். கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 மில்லிகிராம் வேண்டும்.

தனித் தீவனம் வாங்கிவிட்டால் மட்டும் போதாது. நான் சேர்ந்த புதிதில் மூன்று பிராணிகள் கால்மூட்டு வீங்கி, எழமாட்டாமல் கிடந்தன. சோதனை மருந்தின் விளைவு என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன்! கூண்டு கழுவும் பெரியவர் தீவனச் சாக்கைப் புரட்டித் தேதியைக் காட்டினார். என் இந்தி அரைகுறை, எண் புரிந்தது. வெப்பத்திலும் நாட்படவும் இச்சத்து அழியும்; சாதாரணத் தீவனத்தை அரைத்த 90 நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். கொய்யாத் துண்டு கொடுத்தோம். இரண்டு தேறின. அம்மாதக் கணக்கு முழுவதையும் அடித்துவிட்டேன்.