அஞ்சுவண்ணத்து அண்டை அயலார்

முன்னுரை

விழுப்புரம் – செஞ்சிச் சாலையை அடுத்துள்ள மண்டகப்பட்டுக் குடைவரையைத் தமிழ் பயிலும் மாணாக்கர் நன்கறிவர். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விசித்திரசித்தன் எனப் பெயர் பூண்ட மகேந்திரவர்ம பல்லவன், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்குமின்றி மும்மூர்த்திகளுக்கு இக்கோயிலை அமைத்தான் என அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகின்றது. அழியும் பொருள்களை விலக்கிப் பாறையை நாடினான் மன்னன். அப்பாறையின் முன் நின்றபோது நம் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. பாறையுமின்றி, இருந்த ஆலயத்தையும் இழந்து, நாடு நாடாகச் சிதறிய ஒரு சமயத்தார் தம் வழிபாட்டை எங்ஙனம் காத்தனர்? நம் கடற்கரைக்கும் வந்து வாழ்ந்த யூதர்தம் வாழ்வில் இதற்கு விடை உண்டு. அதனை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

நாளே ஆலயம்

கி.பி. 70ஆம் ஆண்டில் உரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்தனர். பலிபீடம் நின்ற இடத்தில் யூதர்தம் வழிபாடு முன்போல் நிகழவில்லை. ஆயினும் கல்லால் அமைந்தது அழிந்ததேயன்றி, நாளால் அமைந்தது அழியவில்லை. வெள்ளிக்கிழமை கதிரவன் மறையுமுன் இல்லத்தரசி விளக்கேற்றுகின்றாள். அது முதல் சனிக்கிழமை இரவு விண்மீன் தோன்றும் வரை ‘சபாத்’ என்னும் ஓய்வுநாள். உழுதல், நெய்தல், எழுதுதல், தீ மூட்டுதல் முதலிய முப்பத்தொன்பது வகைத் தொழில்கள் அன்று விலக்கப்பட்டுள்ளன. உணவு முன்னரே சமைக்கப்பெறுகின்றது. வணிகன் கணக்கேட்டைத் தொடுவதில்லை. அடுப்படியும் உணவு மேசையுமே அன்று வழிபாட்டிடம் ஆகின்றன.

கொங்கண நாட்டில் எண்ணெய் ஆட்டும் தொழில் செய்த பெனே இசுரவேலர் என்னும் யூதரை, அயலார் ‘சனிவார் தேலி’ என்றே அழைத்தனர். சனிக்கிழமைதோறும் செக்கை நிறுத்திய வாணியர் என்பது இதன் பொருள். ஓர் இனத்தார்க்கு அவர் செய்த தொழிலால் மட்டுமன்றி, செய்யாது நிறுத்திய நாளாலும் பெயர் அமைந்தமை எண்ணி மகிழத்தக்கது.

நோன்பும் பண்டிகையும்

யூதரும் பிறை பார்த்தே மாதம் கணித்தனர். எனினும் பண்டிகைகள் பருவம் மாறாதிருக்கப் பத்தொன்பது ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்வர். எகிப்திய அடிமைத்தளையினின்று மூசா நபி மக்களை மீட்டதை நினைவூட்டும் பஸ்காப் பண்டிகையில் புளிப்பில்லா அப்பமே உண்பர். அவ்விரவில் வீட்டின் இளைய பிள்ளை, “இந்த இரவு ஏன் வேறுபட்டது?” எனக் கேட்க, பெரியோர் வரலாறு உரைப்பர். கேட்பதற்கு ஒரு பிள்ளையும், சொல்வதற்கு ஒரு முதியவரும் இருக்கும்வரை வரலாறு மறைவதில்லை அன்றோ!

கூடாரப் பண்டிகையிலோ இலை தழை வேய்ந்த பந்தலின்கீழ் ஏழு நாள் தங்குவர். வான்மீன் தெரியும் அக்கூரை, மண்டகப்பட்டுப் பாறைக்கு நேர்மாறானது. நிலையாமையை மறவாதிருப்பதே அதன் நோக்கம்.

பாவமன்னிப்பு நாளாகிய ‘யோம் கிப்பூர்’, திஷ்ரி மாதம் பத்தாம் நாளில் நோற்கப்படும் கடு நோன்பாகும். மதீனாவில் யூதர் மூசா நபியின் மீட்சிக்கு நன்றியாக நோன்பிருக்கக் கண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் ஆஷூரா நோன்பு நோற்றார்கள் என நபிமொழி கூறும். பிறர்க்கிழைத்த தீங்கினை, அவர் மன்னித்தாலன்றி அந்த நோன்பு போக்காது என்பது யூத நெறி. ‘ஹக்குல் இபாத்’ என அடியார் உரிமையை நாம் போற்றுவதும் இக்கருத்தினதே.

செப்பேடு கூறும் உறவு

தோகை என்னும் நம் சொல்லே எபிரேய மறையில் மயிலைக் குறிக்கும் ‘துகீ’ ஆயிற்று என அறிஞர் கால்டுவெல் முதலியோர் காட்டினர். கி.பி. 849இல் கொல்லத்தில் வழங்கப்பெற்ற தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிகள் கூஃபி அரபு எழுத்திலும், பகலவி எழுத்திலும், எபிரேய எழுத்திலும் ஒப்பமிட்டுள்ளனர். கி.பி. 1000ஐ ஒட்டிச் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவர்க்கு அஞ்சுவண்ணத்தையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் வட்டெழுத்துச் செப்பேட்டில் அளித்தான். பகல்விளக்கும் குடையும் அவற்றுள் அடங்கும்.

இவ் ‘அஞ்சுவண்ணம்’ என்னும் சொல்லே, இசுலாமியத் தமிழிலக்கியத்தின் முதல் நூலெனப் போற்றப்பெறும் பல்சந்தமாலையில் முசுலிம் வணிகரைச் சுட்ட வருகின்றது. மேற்காசியாவினின்று வந்த இரு சமயத்தாரையும் நம் முன்னோர் ஒரே பெயரால் அழைத்தனர்! யூதர்தம் தொழுமிடமும் ‘பள்ளி’. நம் தொழுமிடமும் ‘பள்ளி’.

முடிவுரை

மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசி யூதப்பள்ளி இன்றும் நிற்கின்றது. 1948க்குப் பின்னர்க் கொச்சி யூதருள் பெரும்பாலோர் இசுரேல் சென்றனர். எஞ்சியோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. கொல்கத்தாவின் யூதப்பள்ளிகளையோ தலைமுறை தலைமுறையாக முசுலிம் காவலர்களே பேணி வருகின்றனர். அந்நகரின் யூதப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பயில்வோருள் மிகப்பலர் முசுலிம் சிறுமியரே.

இன்றைய மாணாக்கர் யூதரைப் போர்ச் செய்திகளின் வாயிலாக மட்டுமே அறிகின்றனர். பாலத்தீன மக்களின் துயர் நம் நெஞ்சை வருத்துவதே. ஆயினும் ஓர் அரசின் செயலையும் ஒரு சமயத்தாரின் வழிபாட்டையும் பிரித்தறிதல் கற்றோர் கடனாகும். பாறை காத்தது மன்னன் பெயரை. விளக்கும் நோன்பும் காத்தன ஒரு மக்களின் வாழ்வை. அவர் சென்றபின் அவ்விளக்குகள் நின்ற இடத்தைக் காத்து நிற்போர் அண்டை அயலாரே. அஞ்சுவண்ணம் என்ற ஒரே பெயர் தாங்கியோர்க்கு இதனினும் தகுந்த கடமை வேறு யாது?