ஊசி குத்தியது வேலையில்; பொறுப்பு யாருடையது?

கேள்வி: தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனத்தில் ஒப்பந்த அடிப்படையில் அவசர மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். போன மாதம், விபத்தில் அடிபட்டவருக்கு ஓடும் வண்டியில் வென்ஃப்ளான் போட்டபோது வேகத்தடையில் வண்டி குலுங்கி, ரத்தம் பட்ட ஊசி கையுறையைத் தாண்டி என் விரலில் குத்திவிட்டது. அன்றே அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்து மாத்திரை வாங்கினேன். சம்பவத்தைப் பதிவு செய்ய மேலாளர் மறுக்கிறார். "ஒப்பந்த ஆளுக்கு இதெல்லாம் கிடையாது" என்கிறார். அந்த நோயாளிக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யச் சொல்லி நான் கேட்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: உங்கள் மேலாளர் சொல்வது தவறு. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் படித்துக் காட்டுங்கள். பாதுகாப்புச் சாதனம், பயிற்சி, ஊசி குத்திய பின் தர வேண்டிய தடுப்பு மருந்து ஆகிய மூன்றும் நிறுவனத்தின் கடமை. தொற்று அபாயத்தோடு அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் அது பொருந்தும். நிரந்தரம், ஒப்பந்தம் என்ற பேதம் அதில் கிடையாது.

அன்றே மருத்துவமனைக்குப் போனீர்களே, அதுதான் உங்களைக் காக்கும். அந்தத் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எல்லோரும் எச்.ஐ.வி.க்குத்தான் பயப்படுகிறோம்; ஊசி வழியே அதைவிட எளிதாகத் தொற்றுவது ஹெபடைடிஸ் பி. அதற்கான தடுப்பூசியை ஊழியருக்குப் போடும் பொறுப்பை 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் நிறுவனத்தின் மீதே வைக்கின்றன. உங்களுக்குப் போட்டார்களா? பயன்படுத்திய ஊசியைப் போடும் வெள்ளை டப்பா வண்டியில் இருந்ததா? இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

நோயாளியைக் கட்டாயப்படுத்த முடியாது. அவர் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது என்கிறது அதே சட்டம். மருத்துவர் மூலம் கேட்கலாம். மறுப்பது அவர் உரிமை.

உங்கள் முதல் நாள் ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். நாளை தொற்று உறுதியானால், 'இது முன்பே இருந்தது' என்றுதான் நிறுவனம் வாதிடும். அன்று தொற்று இல்லை என்ற அந்தத் தாளே அதற்குப் பதில். மருத்துவப் பணியில் வரும் தொற்று, இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் அங்கே கோர வேண்டும், இல்லையென்றால் முதலாளியிடம். எச்.ஐ.வி. தொற்றைக் காரணம் காட்டி, மருத்துவரின் எழுத்துபூர்வ மதிப்பீடு இல்லாமல் வேலையை விட்டு நீக்கவும் முடியாது.

தேதி, நேரம், வண்டி எண், டிரிப் ஷீட் விவரத்தோடு, நோயாளியின் பெயரைக் குறிப்பிடாமல், நிறுவனத்துக்கு மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்ட்டும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்டு விண்ணப்பியுங்கள். நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தை மட்டும் நாளைக்குத் தள்ளாதீர்கள்.